விலைப்பட்டியலும் ரெக்கார்டு நோட்டும்: பட்டாசு மண்ணில் வலை வடிவமைப்புக் கல்வி

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே சிவகாசிக் கடைகளின் இணையப் பக்கங்கள் விழித்துக்கொள்ளும். எதைத் திறந்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: குருவி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம், பூச்சட்டி, கம்பி மத்தாப்பு, பென்சில், ராக்கெட், ஃபேன்சி, கிஃப்ட் பாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே கோடு போட்ட ஒரு விலை. அதற்குப் பக்கத்தில் 80 விழுக்காடு தள்ளுபடி போக இன்னொரு விலை. (கோடு போட்ட விலைக்கு யாரும் பட்டாசு வாங்கியதில்லை என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.) எண்ணிக்கையைத் தட்டத் தட்டக் கீழே தொகை கூடிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு பொத்தான். அதில் ‘வாங்கு’ என்று இருக்காது. ‘எஸ்டிமேட்’ என்றோ ‘விசாரிக்க’ என்றோ இருக்கும். அதற்கும் அடியில், பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுப்படி இணையத்தில் பட்டாசு விற்பதில்லை, உங்கள் பட்டியலை அனுப்பினால் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ நாங்களே பேசுகிறோம்.

கூடை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, விற்பனை மட்டும் இல்லை. சட்டம், வியாபாரம், வாடிக்கையாளரின் அவசரம் மூன்றும் ஒரே திரையில் இடிபடும் இந்தப் பக்கத்தைப் போட்டுக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்தவர்கள். அவர்கள் படித்த வகுப்பு அவர்களிடம் என்ன எதிர்பார்த்தது, எதைச் செய்யச் சொன்னது, எதற்கு மதிப்பெண் போட்டது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வலை வடிவமைப்பு, கணினிவழி ஓவியம் என்று கல்லூரிகளில் நடப்பதை மற்ற ஊர்களில் ஒரு பாடமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். படம் அச்சடித்தே சோறு தின்ற ஊரில் அப்படிப் போக முடியாது.

இங்கே படம் சரக்குக்குப் பின்னால் வந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் அது சும்மா நிற்கக் கூடாது. காலண்டர், டைரி, சினிமா போஸ்டர், நோட்டு அட்டை என்று வேலை தேடிப் பிடித்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கடையில் நின்று படத்தைச் சொல்லிச் சரக்குக் கேட்ட காலம் அது. அணில் என்றால் ஸ்டாண்டர்டு, சேவல் என்றால் காளீஸ்வரி. இன்று வகுப்பில் ‘பிராண்டு அடையாளம்’ என்று ஓர் அலகு முழுக்க நடத்துவதை இந்தத் தெருக்கள் அணிலையும் சேவலையும் வைத்து நடத்தி முடித்துவிட்டன.

பக்கத்திலேயே, கோவில்பட்டியில், சி. கொண்டையராஜு (1898–1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரிடம் உருவானார்கள். அவர்கள் எழுதிய முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி நாட்டின் சுவர்களிலெல்லாம் தொங்கின. இந்தக் காலண்டர் உலகத்தைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் 2007-ல் ஒரு பெரிய ஆய்வு நூலே எழுதியிருக்கிறார். ஓவியர் ஒருவர் மட்டும் படத்தைத் தீர்மானிப்பதில்லை, அச்சகக்காரர், ஏஜென்ட், காசு கொடுக்கும் கடைக்காரர் எல்லோரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள் என்பதை அதைப் படிப்பவர் உணராமல் இருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் நுழைவோம்.

இந்தப் பகுதியின் கல்லூரிப் பெயர்களை வாசித்தாலே தொழில் வரலாறு தெரிந்துவிடும். விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-லும் வந்தன. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963; ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968; மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984; ஸ்ரீ காளீஸ்வரி கல்லூரி 2000. மெப்கோ என்பது உலோகப் பொடி செய்யும் நிறுவனம். மத்தாப்பின் வெள்ளை வெளிச்சம் அலுமினியப் பொடியிலிருந்து வருகிறது. ஆக, பட்டாசும் அதன் பொடியும் சம்பாதித்த பணம் வகுப்பறையாக நிற்கிறது. வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் ஊரோடு உள்ள உறவைச் சொல்லவே வேண்டாம். படத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவுதான் பாடத்திட்டத்தில் சரியாக ஏறவில்லை.

காரணம் ஓரளவு நிர்வாகம். அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. சென்னையில் உள்ளது 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. சிவகாசிப் பிள்ளைக்கு வரையக் கை வந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டும். இல்லையென்றால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் எழுதி ஓவிய ஆசிரியராகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவர் கணினித் துறையில் சேர்கிறார். அங்கே வலை வடிவமைப்பு நிரல் எழுதும் தாளாகவே வருகிறது. வண்ணம், எழுத்து, வெற்றிடம், கண் போகும் பாதை இவையெல்லாம் மூன்றாம் அலகிலோ நான்காம் அலகிலோ ‘ஸ்டைல் ஷீட்’ என்ற தலைப்புக்கு அடியில் ஒண்டிக்கொள்கின்றன.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஐந்து அலகு என்பது ஐந்து பூதம் மாதிரி. முதல் அலகில் இணையத்தின் வரலாறு. இரண்டாவதில் எச்.டி.எம்.எல். குறிச்சொற்கள், பட்டியல், அட்டவணை. மூன்றாவதில் படிவமும் ஃப்ரேமும். நான்காவதில் சி.எஸ்.எஸ். ஐந்தாவதில் ஜாவாஸ்கிரிப்ட். செய்முறையில் ‘உங்கள் கல்லூரிக்கு ஒரு வலைப்பக்கம் அமைக்க’, ‘மாணவர் மதிப்பெண் பட்டியல்’, ‘கால்குலேட்டர்’, ‘விண்ணப்பப் படிவம்’. இந்த வரிசைக்குள் பல இடங்களில் ஃப்ரேம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 தரமாக வந்தபோது ஃப்ரேமை வெளியே அனுப்பியாயிற்று. ஓடும் எழுத்துக்கான மார்க்யூவும் அதனுடனே வழக்கொழிந்த பட்டியலில் சேர்ந்தது. ஆனால் திரையின் குறுக்கே ‘வருக வருக’ என்று எழுத்து ஓடும்போது முதலாமாண்டு மாணவிக்கு வரும் மகிழ்ச்சியை எந்தத் தர நிர்ணயக் குழுவாலும் ரத்து செய்ய முடியவில்லை.

மதிப்பெண்ணைப் பார்த்தால் எதிர்பார்ப்பு இன்னும் தெளிவாகும். அகமதிப்பீடு 25, பல்கலைத் தேர்வு 75 என்பது இங்கே ஊறிப்போன பங்கீடு. மதுரை காமராசர் பல்கலைக்கழக வட்டாரத்தில் பழகிய வினாத்தாளில் ஒரு மதிப்பெண் 10, ஏழு மதிப்பெண் 5, பத்து மதிப்பெண் 3. ‘சி.எஸ்.எஸ். வகைகளை விளக்குக’ என்று கேட்டால் மாணவர் தாளில் நிரலை எழுதுவார், கையால். பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டரைப் பக்கம். அந்த நிரல் எந்த உலாவியிலும் ஓடப் போவதில்லை. எழுதியவர் கண்ணுக்கு அதன் நிறம் தெரியப் போவதுமில்லை. செய்முறைத் தாளில் அப்சர்வேஷன் நோட்டு, ரெக்கார்டு நோட்டு, மூன்று மணி நேரத் தேர்வு, வைவா. ரெக்கார்டு நோட்டில் நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று வேதியியல் உப்புப் பகுப்பாய்வின் அதே சட்டகம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது. பக்கம் அழகாக இருந்ததா, படிக்க முடிந்ததா, பாட்டி ஒருவர் தன் போனில் திறந்தால் புரியுமா என்று எழுத அந்தச் சட்டகத்தில் இடமே இல்லை.

ஆசிரியர்களைக் குறைசொல்லி இதைத் தாண்டிவிட முடியாது. ஒரு ஆய்வகத்தில் அறுபது பேர், ஒரு கணினிக்கு இருவர், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்றால், ரெக்கார்டு நோட்டு ஒன்றுதான் எல்லோரையும் ஒரே கோலால் அளக்கும். அழகைத் திருத்துவது நேரம் தின்னும் வேலை. மறுமதிப்பீடு கேட்டு வரும் மாணவரிடம் ‘உன் பக்கத்தில் மூச்சுவிட இடமில்லை’ என்று சொல்லி மதிப்பெண் குறைத்ததை நியாயப்படுத்துவதும் எளிதல்ல.

சரி, மற்றவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்? பெற்றோருக்குப் பிள்ளை ஏ.சி. அறையில் உட்கார வேண்டும். குழாய் உருட்டியும் திரி பின்னியும் தீப்பெட்டிக்குள் குச்சி அடைத்தும் வளர்ந்த ஒரு தலைமுறை, தன் மகள் கையில் மருந்து படக் கூடாது என்று கல்லூரிக்கு அனுப்புகிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த வேலையில் இருந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தை. அவர்களுக்கு ‘டிசைனிங்’ என்ற சொல் அரைகுறையாகவே பிடிக்கிறது. பஜாரில் உள்ள டி.டி.பி. கடையில் ராத்திரி பத்து மணி வரை உட்காரும் பையனின் முகம் அந்தச் சொல்லோடு வந்துவிடுகிறது. ‘ஐ.டி.’ என்றால் முகம் மலரும்.

மாணவருக்கோ இன்ஸ்டாகிராம். போஸ்டர், ரீல்ஸ், பிறந்தநாள் ஃபிளெக்ஸ், ஜல்லிக்கட்டுக் காளைக்கு லோகோ. பலர் கல்லூரிக்கு வருமுன்பே போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு கண்ணைப் பறிக்கும் படம் செய்யக் கற்றிருக்கிறார்கள். வகுப்பு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களும் வகுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

அச்சகக்காரரின் எதிர்பார்ப்பு மூன்றாம் வகை. அவருக்குப் பிழையில்லாத தமிழ் வேண்டும். 300 டி.பி.ஐ.க்கும் திரைப் படத்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். திரையில் கண்ணைக் கூசவைக்கும் பச்சை சி.எம்.ஒய்.கே. மையில் மங்கிவிடும் என்று பார்ட்டிக்கு முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும். வெட்டும் இடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், திருத்தம் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது.

இந்தக் கடைசி எதிர்பார்ப்பில்தான் எனக்கு இந்த ஊரின் கல்விமுறையே ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. பெயர்: ப்ரூஃப்.

ஒரு மளிகைக் கடைக்காரர் காலண்டர் அடிக்க வருகிறார். ஆல்பத்தைப் புரட்டிப் படம் தேர்கிறார். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் தருகிறார். டிசைனர் அமைத்துப் ப்ரூஃப் எடுத்துத் தருகிறார். கடைக்காரர் பேனாவை எடுத்துச் சுழிக்கிறார்: அப்பா பெயர் பெரிதாக வேண்டும், பின்கோடு தப்பு, பிள்ளையார் சுழி எங்கே? இரண்டாம் ப்ரூஃப். மூன்றாவதும் வரலாம். கடைசியில் ‘ஓ.கே.’ எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அதற்குப் பிறகுதான் பிளேட், மெஷின். பிளேட் போட்டபின் கண்ட பிழைக்குக் காசு யார் தருவது என்ற சண்டை அந்தக் கையெழுத்தைக் காட்டியே தீரும். ஆக, மற்றவர் கண்ணால் தன் வேலையைப் பார்ப்பது, எதை விட்டுக்கொடுப்பது, எதில் பிடிவாதமாக நிற்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அந்தத் தாளில் நடக்கின்றன. பாஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி 1919-ல் வைமாரில் தொடங்கியதும், அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961-ல் தொடங்கியதும், பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழிலக வடிவமைப்பு மையம் 1969-ல் தொடங்கியதும் இந்தத் திசையில்தான்: மாணவரின் வேலையைச் சுவரில் மாட்டி எல்லோரும் சேர்ந்து விமர்சிப்பது, திரும்பச் செய்வது. அங்கே அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். இங்கே அச்சகத்துத் திண்ணையில் பெயரில்லாமல் நடக்கிறது. கல்லூரியிலோ ஒரு முறை சமர்ப்பித்தால் முடிந்தது. இரண்டாம் ப்ரூஃப் என்ற சொல்லுக்கே அங்கே ‘அரியர்’ என்று அர்த்தம்.

மாற்ற வழியில்லை என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன கலை அறிவியல் கல்லூரிகளில் பழையவை தன்னாட்சி பெற்றவை. தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதலாம். தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அந்த நாற்காலியில் மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒருவரை உட்கார வைப்பது வழக்கம். நான்கு தெரு தள்ளி முப்பது வருடமாகக் காலண்டர் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் அந்த நாற்காலியில் இடம் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பாடங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. 2023-24-க்கென உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் தந்தது. இரண்டும் மாநிலம் முழுமைக்கும் பொது. உள்ளூர்ப் பாடத்தை உள்ளூரில்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதினால் முதலில் வர வேண்டியது தமிழ் எழுத்து. அச்சகங்களில் வானவில், ஸ்ரீலிபி, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் பிழைக்கின்றன. பழைய கோப்புகள் அவற்றில்தான் கிடக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்ததை அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகள்தாம் பல்லிளிக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்றது 2010-ல். அதற்குப் பிறகும் இந்த மோதல் தீரவில்லை, ஏனெனில் அச்சுக்குப் பழையது போதும். பழைய ஃபோட்டோஷாப்பில் ஒருங்குறித் தமிழை அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும். தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை விருப்பத் தேர்வில் போய் மாற்றினால் சரியாகும். இந்த ஒரு தகவல் தெரியாமல், வேலையைத் திரும்பப் பழைய எழுத்துருவிலேயே முடித்த டிசைனர்கள் எத்தனை பேரோ.

திரைக்கான தமிழுக்குத் தனி இலக்கணம் உண்டு. மேலே ஏறும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘கூ’வும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ‘தொடர்புகொள்ளவேண்டியவர்களுக்கு’ போன்ற ஒரு சொல் போன் திரையின் அகலத்தையே விழுங்கிவிடும். பொத்தானில் தமிழ் வைக்கும்போது சொல்லையே மாற்றி எழுத வேண்டிவரும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று அழுத்தம் காட்ட வழிகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது, சாய்த்தால் விழுந்துவிடும்போல் இருக்கும். தடிப்பு, நிறம், இடம் இவற்றை வைத்தே சமாளிக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், பலூ தம்பி என்று இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் இன்று நிறைய. ஒன்றின் பெயரே அரிமா மதுரை. ஒரே விலைப்பட்டியலை நான்கு எழுத்துருவில் அமைத்து, பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவரிடம் கை நீட்டும் தூரத்தில் காட்டிப் படிக்கச் சொல்வது ஒரு மணி நேரப் பாடம். கேள்வித்தாள் தேவையில்லை.

அச்சின் பழக்கம் திரைக்கு வரும்போது இடையூறாகவும் ஆகும். பார்ட்டி கொடுத்த காசுக்கு இடம் வீணாகக் கூடாது என்ற நினைப்பு இங்கே ரத்தத்தில் ஊறியது. பட்டாசுப் பெட்டியின் மேல் மூடியில் வெடிக்கும் நட்சத்திரம், சிரிக்கும் குழந்தை, மூன்று மொழியில் பெயர், நான்கு வகைச் சிவப்பு. கடையில் அடுக்கி வைத்த நூறு பெட்டிகளுக்கு நடுவே கத்த வேண்டிய பெட்டிக்கு அது சரி. அதே கத்தலைப் போனில் வைத்தால் பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறது. காலண்டருக்கு அளவு நிலையானது. வலைப்பக்கம் கண்ணாடியில் ஊற்றிய நீர்போல எந்த அளவுக்கும் மாற வேண்டும். அச்சுக் கை இதை ஏற்க நாளாகிறது.

ஆனால் அச்சிலேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. தினசரி காலண்டரின் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒரு சொல் பலன், மதப் பண்டிகைகள், விடுமுறை. இவ்வளவும் இருந்தும் குழப்பமில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து தேதி தெரிகிறது. நான்கடி வந்தால் கிழமையும் நல்ல நேரமும். மூக்கை வைத்தால் ராசிபலன். தூரத்துக்குத் தக்கபடி தகவலை அடுக்கிய இந்தத் தாளுக்கு எந்த வடிவமைப்பு விருதும் தகும். ‘தகவல் படிநிலை’ என்று ஆங்கில நூல்கள் அத்தியாயம் எழுதும் விஷயம் நம் வீட்டுச் சுவரில் தினமும் ஒரு பக்கமாகக் கிழிபடுகிறது. இந்த ஒரு தாளைப் போன் திரைக்கு மாற்றச் சொல்வதைவிடச் சிறந்த பருவத் தொடக்கப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எதை முதலில் காட்டுவது, எதைத் தட்டினால் விரிப்பது, சனிக்கிழமையைச் சிவப்பாக்கலாமா, நிறக்குருடு உள்ளவருக்கு ஞாயிறு எப்படித் தெரியும்? 2003-ல் டேவ் ஷே உருவாக்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்ற தளத்தில் ஒரே எச்.டி.எம்.எல். பக்கத்தை உலகெங்குமுள்ள வடிவமைப்பாளர்கள் ஸ்டைல் ஷீட்டை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கான முகங்களில் காட்டினார்கள். ஒரே காலண்டர் தாள், அறுபது மாணவர், அறுபது ஸ்டைல் ஷீட். சுவரில் மாட்டிப் பார்க்கலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடோபி 2013-ல் வாடகை முறைக்குப் போனபின் ஆய்வகங்கள் பழைய பதிப்பில் நின்றுவிட்டன, அல்லது கள்ளப் பிரதியில். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல் மூச்சை நிறுத்தியது. அதைப் பாடமாகப் படித்தவர்கள் கையில் இன்று ஒரு சான்றிதழ் மட்டும். கிம்ப், இங்க்ஸ்கேப், கிருத்தா, ஸ்கிரைபஸ் எல்லாம் இலவசம், போதும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நின்றுபோய், 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென்று மறுபடி வந்தது. வீட்டில் கணினி இருந்தால் ஆய்வக மணி அடித்தபின்னும் வேலை தொடரும்.

கணினி ஓவியத்தில் இப்போதைய தலைவலி செயற்கை நுண்ணறிவு. 2022-ல் மிட்ஜர்னி, டால்-ஈ 2, ஸ்டேபிள் டிஃப்யூஷன் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. ஒரு வரி எழுதினால் முருகன் வருகிறார். வேலில் ஒரு முனை கூடுதலாக இருக்கலாம், மயிலுக்கு மூன்று கால் இருக்கலாம். தடை செய் என்கிறது ஒரு கட்சி, இதுதான் எதிர்காலம் என்கிறது மற்றொன்று. காலண்டர்த் தொழில் தன் வரலாற்றையே பார்த்தால் இரண்டுக்கும் நடுவே நிற்கும். இங்கே படம் எப்போதுமே படத்திலிருந்து பிறந்ததுதான். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தபோது அவருடைய லட்சுமியே நூறு லட்சுமிகளுக்கு மூலமானாள். ஒரு தலையை எடுத்து வேறு உடலில் வைப்பது, பின்னணியை மாற்றுவது எல்லாம் ஸ்கேனருக்கு முன்பே நடந்தவை. வகுப்பு கேட்க வேண்டியது ‘கையால் வரைந்தாயா’ என்பதைவிட, ‘யாருடையதை எடுத்தாய், எடுக்க உனக்கு உரிமை உண்டா’ என்பது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்கு உரிமை நிற்கும். 1906-ல் மறைந்த ரவிவர்மா எல்லோருக்கும் பொது. கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு 2036 முடியும்வரை காலம் இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் படிக்கும் மாணவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பட்டம் வாங்குவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

விற்பனைக்கு அப்பாலும் வடிவமைப்புக்கு வேலை உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவி செய்ய ஓடியவர்களும் என்னவென்று பார்க்கப் போனவர்களும் இறந்தோரில் இருந்தார்கள். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், இந்த அறையில் எத்தனை பேருக்கு அனுமதி, இரும்புப் பொருள் ஏன் கூடாது என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் சொல்லும் படக்குறிகளை வரைவது எளிதல்ல. அணிலும் சேவலும் சாதித்ததை இங்கே ஒரு தீப்பொறிப் படம் சாதிக்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க இதையே கொடுக்கலாம். பரிசோதனை ஆய்வகத்தில் நடக்காது. ஷிஃப்ட் முடிந்து வேனுக்குக் காத்திருக்கும் தொழிலாளர்களிடம் தாளைக் காட்டி ‘இது என்ன சொல்லுது அக்கா?’ என்று கேட்க வேண்டும். மாணவிகளில் சிலருக்கு அந்த அக்கா வீட்டிலேயே இருப்பார்.

இறுதி ஆண்டுத் திட்டத்துக்கு நான் திரும்பத் திரும்ப வருவது அந்த விலைப்பட்டியலுக்குத்தான். 2018 அக்டோபர் 23-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவை எடுத்துக்கொள்வோம். மின்வணிகத் தளங்கள் இணையத்தில் ஆர்டர் வாங்கக் கூடாது. விற்பனை உரிமம் பெற்ற வணிகர் வழியே மட்டும். பேரியம் உப்புக்குத் தடை. தொடராகக் கோத்த வெடிக்கும் தடை. அப்படியானால் பட்டியலில் சரவெடிக்கு ஒரு வரி இருந்தால் டிசைனரும் யோசிக்க வேண்டும். பசுமைப் பட்டாசுக்கு நீரி ஆய்வகத்தின் சின்னமும் க்யூ.ஆர். குறியீடும் 2019 முதல் உண்டு. அதைப் பக்கத்தில் எங்கே, எந்த அளவில் வைப்பது? இன்னொரு பக்கம் போலித் தளங்கள். பாதி விலைக்குத் தருவதாகப் பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் பக்கங்களைப் பற்றித் தமிழ்நாடு இணையக் குற்றப் பிரிவு தீபாவளிக்கு முன் எச்சரித்திருக்கிறது. போலிப் பக்கமும் உண்மைப் பக்கமும் ஒரே வார்ப்புருவில் ஒரே படங்களோடு இருந்தால் வாங்குபவர் எதை வைத்துப் பிரிப்பார்? உரிம எண், கடையின் முகப்பு, முகவரி, பேசினால் எடுக்கும் எண் இவற்றை அடியில் புதைக்காமல் மேலே கொண்டுவருவதும் வடிவமைப்பு வேலைதான். அதற்குமேல் மெதுவான இணைப்பு, விலை குறைந்த போன், அறுபது வயது வாங்குபவர், தமிழ், ஆங்கிலம். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் ஒரு பக்கத்தை நிமிர வைக்கும் மாணவரிடம் ஃப்ரேமுக்கும் டேபிளுக்கும் வேறுபாடு கேட்க வேண்டியதில்லை.

கால அட்டவணைகூட ஊரிடமே இருக்கிறது. சிவகாசியில் புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவருவது ஆடிப் பதினெட்டில். கல்லூரியின் ஒற்றைப் பருவம் ஜூனில் தொடங்குகிறது. முதல் ப்ரூஃப் ஆடி பிறக்குமுன். இரண்டாவது ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம், ஒரு கடைக்காரரும் ஓர் அச்சகக்காரரும் பேனாவோடு வந்து உட்கார. மூன்றாவது புரட்டாசியில், உண்மையான பட்டியல்கள் இணையத்தில் பரபரப்பாக இருக்கும்போது. அகமதிப்பீட்டின் 25-ல் 15-ஐ முதல் ப்ரூஃபுக்கும் மூன்றாம் ப்ரூஃபுக்கும் உள்ள தூரத்துக்குக் கொடுக்கலாம். சுழித்த தாள்களை ஒட்டி வைக்க ரெக்கார்டு நோட்டு உதவும்.

வைவாவுக்கு ஒரு கேள்வி போதும்: விற்பனை இல்லை என்ற அந்த அறிவிப்பைப் பக்கத்தில் எங்கே வைத்தாய், ஏன் அங்கே?